ஊதாச் சவ்வு நாட்குறிப்பு, காரைக்குடி

மார்ச் 3

சாம்பிள் வந்துவிட்டது. பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்தால் சிறு குப்பிக்குள் நாவற்பழச் சாறு போல ஒரு நிறம். உப்பளங்களில் வாழும் ஹாலோபாக்டீரியத்தின் ஊதாச் சவ்வு இது. நிறத்துக்குக் காரணமான புரதம் பாக்டீரியோரோடாப்சின். 1971-ல் ஓஸ்டர்ஹெல்ட்டும் ஸ்டோக்கெனியஸும் இனங்கண்டார்கள். நம் விழித்திரையில் இருப்பது போல இதற்குள்ளும் ரெட்டினால் என்ற ஒளி வாங்கும் மூலக்கூறு உண்டு. ஒளி பட்டதும் அது முறுக்கிக்கொள்ளும். புரதம் ஒரு புரோட்டானைச் செல்லுக்கு வெளியே தள்ளிவிட்டு, ஏறத்தாழ 10 மில்லி விநாடிக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். நடுவில் ஊதா போய் மஞ்சளாகும் ஒரு கட்டம், எம் நிலை. அது எவ்வளவு சீக்கிரம் எழுகிறது என்று அளப்பதுதான் இந்த மாத வேலை.

மார்ச் 5

காலை முழுக்கக் கண்ணாடிகளைத் திருப்பித் திருப்பி லேசரையும் செனான் விளக்கையும் குவெட்டுக்குள் (சாம்பிள் வைக்கும் சிறு கலம்) ஒரே இடத்தில் சந்திக்க வைத்தேன். லேசரின் பச்சைத் துடிப்பு, 532 நானோமீட்டர், புரதத்தைத் தட்டி எழுப்பும். செனான் வெளிச்சம் குறுக்கே போய் என்ன நடந்தது என்று பார்த்து வரும். அதை ஃபோட்டோமல்டிபிளையர் மின்னோட்டமாக்க, ஆசிலோஸ்கோப் கோடாக வரையும்.

இந்த முறைக்கு வழி போட்டவர்கள் கேம்பிரிட்ஜில் நாரிஷும் போர்ட்டரும், 1949 வாக்கில். அப்போது லேசர் கிடையாது, மின்னல் விளக்குதான். 1967-ல் ஐகெனோடு சேர்த்து அவர்களுக்கு வேதியியல் நோபல். அதே ஆண்டு மருத்துவ நோபல் பெற்றவர்களில் ஒருவர், கண்ணில் ரெட்டினாலின் வேலையைக் கண்ட ஜார்ஜ் வால்ட். ஒளியைக் கொண்டு அளந்தவருக்கும் ஒளியை வாங்கும் மூலக்கூறைக் கண்டவருக்கும் ஒரே ஆண்டில் பரிசு. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

மார்ச் 7

ஒரு சிக்கல். எம் நிலை நீல ஒளியை விழுங்கினால், போகவேண்டிய பாதையில் போகாமல் குறுக்கே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நான் பார்ப்பதோ அந்த நீலத்தில்தான், 412 நானோமீட்டரில். பார்க்கிற வெளிச்சமே பார்க்கப்படுவதைக் கலைக்கிறது. சாம்பிளுக்கு முன்னால் ஒரு வடிகட்டி வைத்தேன், ஷட்டர் போட்டேன், செனானை வெகுவாகக் குறைத்தேன். புரதம் நிம்மதியானது, சிக்னல் செத்துப்போனது. ஆசிலோஸ்கோப்பின் உள்ளீட்டுத் தடையை 50 ஓமிலிருந்து 1 மெகாஓமுக்கு மாற்றியதும் கோடு அழகாக எழுந்து நின்றது. ஆறு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பினேன்.

மார்ச் 9

கோட்டையூர், அப்பத்தா வீடு. நடுப்பகல் முற்றத்து வெயிலிலிருந்து இரண்டாம் கட்டுக்குள் நுழைந்தால் ஒன்றும் தெரியவில்லை. கால் நேரே சாமான் அடுக்கின்மேல் போகப் பார்த்தது. "நில்லுத்தா, கண்ணு பழகட்டும்" என்று உள்ளிருந்து அப்பத்தா குரல். ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியில் அப்படியே நின்றேன். கண்ணுக்குள் ரெட்டினால் முறுக்குவதற்கு ஆவது 200 ஃபெம்டோ விநாடி. 1991-ல் பெர்க்லியில் அளந்தார்கள். அந்த வேகத்தில் செலவானதைத் திரும்பக் கட்டிச் சேர்த்து இருட்டுக்கு முழுதாகப் பழகக் கண்ணுக்கு அரை மணி வரை ஆகும்.

ஃபெம்டோ விநாடியில் ஓட்டம் காட்ட எந்த மின்கருவிக்கும் வேகம் போதாது. அதனால் ஒரே துடிப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கொஞ்சம் சுற்றுவழியில் அனுப்புவார்கள். முதலில் வருவது தட்டி எழுப்பும், தாமதித்து வருவது பார்க்கும். ஒரு பிக்கோ விநாடியில் (ஆயிரம் ஃபெம்டோ விநாடி) ஒளி போவது 0.3 மில்லிமீட்டர். கண்ணாடியை 0.15 நகர்த்தினால் போகவும் வரவுமாக அதே 0.3. நேரத்தை அளவுகோலில் அளந்துவிடலாம். ஸெவைலுக்கு 1999-ல் நோபல் கிடைத்த துறை இது. இதை அப்பத்தாவுக்குச் சொன்னேன். "அப்ப தூரந்தான் நேரமா?" என்றாள். ஆமாம் அப்பத்தா.

மார்ச் 11

எம் நிலை எழ 200 மைக்ரோ விநாடிக்கு மேல் ஆகிறது! படித்ததெல்லாம் சில பத்து மைக்ரோ விநாடிதான். எங்கள் சவ்வில் ஏதோ புதிது இருக்கிறது. கைடிடம் சொன்னேன். "அறை வெப்பம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். 31 டிகிரி. வெப்பம் கூடினால் வினை வேகமாகத்தானே ஆகவேண்டும்? கேள்வி உறுத்தியது. ஆனாலும் இரவு படம் வரையத் தொடங்கிவிட்டேன்.

மார்ச் 14

திருவிழாக் கூட்டத்தில் பேருந்து ஊர்ந்தது. ஆய்வகத்துக்கு வரும்போது பதினொன்று. சாம்பிளை மஞ்சள் வெளிச்சத்தில் பத்து நிமிடம் பழக்கி (இருட்டிலேயே வைத்திருந்தால் ரெட்டினாலில் ஒரு பங்கு வேறு வடிவத்துக்குப் போய்விடும்) மறுபடி அளந்தேன். அதே 200. பி.எச். மாற்றியும் அசையவில்லை. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்கவேண்டும்.

மார்ச் 17

ஒன்றரை மீட்டர் கேபிளின் முனை தளர்ந்திருந்தது. கைக்குக் கிடைத்த மூன்று மீட்டர் கேபிளை மாட்டினேன். எழுச்சி இன்னும் மந்தமாகிவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். கேபிள் எவ்வளவு நீளம் என்று புரதத்துக்கு எப்படித் தெரியும்?

கேபிளும் ஒரு மின்தேக்கிதான்: மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட். ஒன்றரை மீட்டருக்கு 150. அதை 1 மெகாஓமால் பெருக்கினால், அது நிரம்ப ஆகும் நேரத்தின் அளவு: 150 மைக்ரோ விநாடி. நான் அளந்துகொண்டிருந்தது பெரும்பாலும் என் கேபிளை. 7-ஆம் தேதி சிக்னலைப் பெரிதாக்கிய அதே மாற்றம்தான் அதை மந்தமாக்கியும் வைத்திருந்தது. பத்து நாள். வரைந்த படங்களை அழித்துவிட்டுக் கைடுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். "நாளைக்கு 10 கிலோஓம் போட்டுப் பாருங்க" என்று பதில்.

மார்ச் 18

10 கிலோஓம். கேபிள் இனி ஒன்றரை மைக்ரோ விநாடிக்கு மேல் தலையிடாது. சிக்னல் நூறில் ஒரு பங்காகச் சுருங்கி இரைச்சலில் மூழ்கியது. 256 முறை லேசரைச் சுட்டுச் சராசரி எடுத்தேன். 256-ன் வர்க்கமூலம் 16, இரைச்சலும் பதினாறில் ஒரு பங்கு. முதலில் வெறும் நீரை வைத்துச் சுட்டேன்: தட்டையான கோடு. பிறகு ஊதாச் சவ்வு. கோடு விறுவிறுவென்று ஏறி, மில்லி விநாடிகளில் நிதானமாக இறங்கியது. மூன்று மீட்டர் கேபிளிலும் அதே ஏற்றம்.

எழுச்சி சில பத்து மைக்ரோ விநாடி. புத்தகத்தில் இருப்பதுதான். நாளை 20 டிகிரிக்குக் குளிர்வித்து அளக்கவேண்டும்.