தஞ்சையில் ஒரு பொங்கல் வாரம்

2025 ஜனவரி 12, ஞாயிறு

தெருப் பொங்கல் விழாவுக்கான கடைசிக் கூட்டம் இன்று மாலை எங்கள் மொட்டை மாடியில் நடந்தது. சென்ற ஆண்டு சிறப்பு விருந்தினர்கள் மாறி மாறிப் பேசி முடிப்பதற்குள் பாதிப் பிள்ளைகள் அம்மாக்களின் மடியில் உறங்கிவிட்டார்கள். உறியடிப் பானை மறுநாள் காலைவரை கயிற்றிலேயே தொங்கியது. ஆகையால் இம்முறை மேடையும் வேண்டாம், பேச்சும் வேண்டாம், பிள்ளைகளுக்கு வேலை கொடுப்போம் என்று சொன்னேன். நன்கொடை கொடுத்தவருக்குப் பொன்னாடை போர்த்த ஓர் இடம் வேண்டாமா என்று பொருளாளர் கேட்டார். அதிலும் நியாயம் உண்டு. கோலப்போட்டிப் பரிசளிப்போடு பொன்னாடையைச் சேர்த்துக்கொள்வதென்று முடிவாயிற்று. ஆனாலும் அவர் பழக்க தோஷத்தில் நூறு நாற்காலிகளுக்கு முன்பணம் கொடுத்துவிட்டிருந்தார்.

ஜனவரி 14, செவ்வாய்

விடியுமுன்பே தெருவில் ஆறு அடுப்புகள் மூட்டப்பட்டன. மூன்று வீட்டுக்கு ஓர் அடுப்பு. ஒவ்வோர் அடுப்புக்கும் பிள்ளைகள்தாம் பொறுப்பு, பெரியவர்கள் நெருப்பருகே துணைக்கு மட்டும். பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டியது, அரிசி களைந்தது, வெல்லம் தட்டியது எல்லாம் அவர்கள்தாம். விறகு ஈரமாயிருந்ததால் புகை கண்ணைக் கரித்தது. அதற்காக ஒருவரும் வீட்டுக்குள் ஓடவில்லை. எந்தப் பானை முதலில் பொங்குகிறது என்று பார்த்துச் சொல்ல நியமிக்கப்பட்ட ஆறு வயதுச் சிறுவன், பொங்கும் தருணத்தில் அடுத்த அடுப்பின் வெல்லத்தில் கவனமாயிருந்தான் என்பதால், அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. குலவையிட எங்கள் தலைமுறையில் பலருக்கும் தெரியாது. கடைசி வீட்டுப் பாட்டி, நாக்கை எப்படிச் சுழற்ற வேண்டும் என்று பெண்பிள்ளைகளை நிறுத்திவைத்துக் கற்றுக்கொடுத்தார், பையன்களும் சேர்ந்துகொண்டார்கள்.

கோலப்போட்டியில் ஒரு விதி மட்டும் மாற்றினோம்: ஒவ்வொரு குழுவிலும் பத்து வயதுக்கு உட்பட்ட ஒருவர் புள்ளி வைக்க வேண்டும். ஏழு புள்ளியில் தொடங்கி நான்கில் நிறுத்தும் ஊடுபுள்ளிக் கோலத்தை (ஒரு வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி விழும்) என் மகள் வைத்தபோது இடைவெளிகள் கோணலாகி, சிக்குக் கோலத்தின் இழைகள் ஓரிடத்தில் திண்டாடி நின்றன. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் ஊடுபுள்ளி என்றால் என்னவென்று இனி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். பெரிய கோயில் நந்திக்குக் காய்கனி அலங்காரம் காணச் சென்றோம். முள்ளங்கி, கத்தரி, வாழைக்காய், ஆரஞ்சு, இனிப்பு வகைகள் என்று சரம் சரமாகச் சாற்றியதில் கருங்கல் மேனி மறைந்து முகம் மட்டுமே தெரிந்தது. இராசராசன் 1010இல் நிறைவுசெய்த கோயில் என்பதால் நந்தியும் அவன் காலத்ததே என்று பலர் எண்ணுகிறார்கள். இது பின்னர் நாயக்கர் காலத்தில் வைக்கப்பட்டது. மகளுக்கு வரலாற்றைவிட, கோபூசைக்கு அழைத்து வரப்பட்ட மாடுகள்தாம் பெரிதாகத் தெரிந்தன; ஒரு கன்றின் நெற்றியில் குங்குமம் வைக்க ஒரு பெரியவர் அவளை அனுமதித்ததும், நந்தியை மறந்தேவிட்டாள்.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். கல்லணைக் கூட்டத்துக்கு அஞ்சி, பெரியவர்கள் வீடுகளுக்குப் போய் விழுந்து வணங்கியதோடு சரி.

ஜனவரி 18, சனி

முதல் பேருந்தில் திருவையாறு. கருநாடக இசை மேதை தியாகராசரின் 178ஆவது ஆராதனை, அதாவது நினைவு நாள் விழா. அவர் மறைந்தது 1847இல். காவிரிக் கரையில் சமாதியை ஒட்டிய பந்தலில், பெயர்பெற்ற வித்துவான்களுக்குச் சற்றுப் பின்னால், பாவாடை கட்டிய சிறுமிகளும் பள்ளி மாணவர்களும் தரையில் வரிசையாய் அமர்ந்து, ஐந்து இராகங்களில் தியாகராசர் இயற்றிய ஐந்து கீர்த்தனைகளான பஞ்சரத்தினம் பாடினார்கள். பெண்கள் பாட இடமில்லாதிருந்த விழா இது. சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் பெண்களைத் தனியே திரட்டி ஆராதனை நடத்தினார், தனித்தனியே நடத்திவந்த குழுக்கள் 1940ஐ ஒட்டித்தான் ஒன்றுசேர்ந்தன. இன்று அந்த வரிசையில் என் மகளும் உட்கார்ந்திருந்தாள். நாட்டை இராகக் கீர்த்தனையையும் ஆரபியையும் உரக்கப் பாடினாள், கௌளையில் தடுமாறினாள், வராளி வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். வராளியை ஆசிரியர் நேரே கற்பிக்கக் கூடாது, மாணவர் கேட்டே கற்க வேண்டும் என்பது இசைமரபில் ஒரு நம்பிக்கை. அதனால் அவளுடைய பாட்டு மிஸ் அதை இன்னும் தொடவில்லை. பக்கத்திலிருந்த மூதாட்டியின் வாயசைவையே அவள் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும் பேருந்தில் வராளியின் முதல் வரி போன்ற ஏதோ ஒன்று அவள் வாயில் வந்தது. அரைச் சுதி தள்ளித்தான்.

ஜனவரி 19, ஞாயிறு

பாத்திரங்களும் பந்தல் கம்புகளும் திரும்பப் போயின. பொருளாளர் கணக்கு வாசித்தார். நூறு நாற்காலிகளும் அடுக்கிய அடுக்குக் கலையாமல் நின்றதைத் தெருவே பார்த்திருந்தபடியால், அவற்றின் வாடகையை மட்டும் அவர் சற்றே தணிந்த குரலில் வாசித்தார்.