வண்டி ஓட ரோடு இருக்கு, நின்னு சரக்கு இறக்க இடம் எங்க?

போன மாசம் ஒரு செவ்வாக்கிழமை பாரிமுனை பக்கம் பேப்பர் கடைங்க இருக்குற ஆண்டர்சன் தெருவுலருந்து எனக்கு பேப்பர் லோடு வந்துச்சு. ஏ4 பொட்டி இருபது, கல்யாண பத்திரிகை அடிக்கிற ஆர்ட் போர்டு அட்டை நாலு கட்டு. சென்னை ராயப்பேட்டையில சின்னதா பிரஸ் வச்சிருக்கேன், பாரிமுனையிலருந்து அஞ்சாறு கிலோமீட்டர் தான். குட்டியானை, அதான் அந்த சின்ன சரக்கு வண்டி, 11 மணிக்கு கெளம்பி 12க்குள்ள என் தெருவுக்கு வந்துருச்சு. ஆனா கடைசி பொட்டி என் கடைக்குள்ள வந்து சேரும்போது மணி ஒன்றரை!

என்னாச்சுன்னா, டிரைவர் அண்ணன் கடை வாசல்ல நிறுத்தி டோர இறக்குனாரு, ரெண்டு பொட்டி தான் எறங்கிருக்கும், பின்னாடி ஸ்கூல் வேன், ஆட்டோ, ஒரு கார்னு வரிசையா ஹாரன். ஓரமா ஒதுங்கலாம்னா ரெண்டு பக்கமும் பைக்கு. சரின்னு வண்டிய எடுத்துட்டு ஒரு ரவுண்டு சுத்தி வந்தாரு, மறுபடி இடம் இல்ல, கடைசில அடுத்த தெரு முக்குல போட்டாரு. அங்கருந்து லோடுமேன் தலையில சும்மாடு வச்சு ஒவ்வொரு பொட்டியா தூக்கிட்டு வந்தாரு. பத்து ரீம் போட்ட பொட்டி கிட்டத்தட்ட 23 கிலோ, அது பதினெட்டு நடை, நடு மத்தியான வெயில்ல. அம்பது வயசு தாண்டுன மனுஷன், வேர்வை கண்ணுல எறங்குது, தொடைக்க கை இல்ல. பாக்க எனக்கு மனசே ஆறல. இதுல ஆர்ட் போர்டு கட்டு ஒன்னு சுவத்துல இடிச்சு ஓரம் மடங்கிருச்சு, மடங்குன போர்டு மெஷின்ல ஏறாது, அத அப்படியே ஓரங்கட்ட வேண்டியதுதான். அதுக்குள்ள வண்டிக்கு நோ பார்க்கிங்னு ஃபைன் வேற. ஃபைன் போட்டவர் மேலயும் தப்பு சொல்ல முடியாது, வண்டி நின்ன இடம் தப்பு தான், சரியான இடம்னு ஒன்னு அந்த ஏரியாவுலயே கிடையாதே!

அன்னிலருந்து எனக்கு இதே யோசனை தான். சரக்கு போக்குவரத்துன்னா நம்ம ஊர்ல உடனே பெரிய பெரிய விஷயமா பேசுவாங்க. துறைமுகம் மதுரவாயல் பறக்கும் சாலை 2009ல அடிக்கல் நாட்டி, 2012ல வேலை நின்னு, கூவம் ஓரமா வெறும் தூணா வருஷக்கணக்குல நின்னுச்சு, 2022ல மறுபடியும் அடிக்கல் நாட்டுனாங்க. அது கண்டிப்பா வேணும், கண்டெய்னர் லாரி ஹார்பர் கேட்டுக்கு வெளிய நாள் கணக்கா நிக்கிற கொடுமை தீரணும். ஊருக்கு வெளிய மப்பேட்டுல லாஜிஸ்டிக்ஸ் பார்க், அதாவது சரக்க இறக்கி வச்சு பிரிச்சு அனுப்புற இடம், வருது, அதுவும் நல்லது. ஆனா அங்கருந்து கெளம்புற சரக்கு கடைசில வந்து சேர்றது என்ன மாதிரி ஒரு கடை வாசலுக்கு தான, அந்த கடைசி நூறு மீட்டர பத்தி யாரும் பேசுறதே இல்ல.

பகல்ல பெரிய லாரி சிட்டிக்குள்ள வரக்கூடாதுன்னு வச்சிருக்காங்க, ஆக்சிடென்ட்டுக்கு பயந்து தான், தப்பில்ல. ஆனா சரக்கு கொறையலையே, பத்து டன் லாரி ஒன்னு கொண்டு வர்றத முக்கால் டன் குட்டியானையில கொண்டு வரணும்னா பதினாலு வண்டி வேணும். பதினாலு டிரைவர், பதினாலு தடவ இடம் தேடணும். சவுகார்பேட்டை, கோவிந்தப்ப நாயக்கன் தெரு பக்கம் போய் பாருங்க, ட்ரைசைக்கிளும் கைவண்டியும் குட்டியானையும் ஒன்னுக்குள்ள ஒன்னு சிக்கி நிக்கும்.

மார்க்கெட்ட வெளிய மாத்துனா சரியாயிரும்னு சிலர் சொல்றாங்க. 1996ல காய்கறி மார்க்கெட்ட கொத்தவால்சாவடியிலருந்து கோயம்பேட்டுக்கு மாத்துனாங்க, 295 ஏக்கர், அப்போ அது ஊருக்கு ஓரம். இப்போ கோயம்பேடு நடு ஊரு, ஊரு பின்னாடியே வந்துருச்சு. 2020 மே மாசம் கொரோனாவுல கோயம்பேட்ட மூடி காய்கறி மார்க்கெட்ட திருமழிசைக்கு கொண்டு போனாங்கல்ல, செப்டம்பர் கடைசி வரைக்கும் அங்க தான். எங்க தெரு காய்கறிக்கடை அக்கா தினமும் பூந்தமல்லி தாண்டி போயிட்டு வந்தாங்க, அந்த வண்டி வாடகை பூரா தக்காளி வெலையில தான் ஏறுச்சு. தூரமா தள்ளி விட்டா செலவு எங்கயும் போயிடாது, வாங்குறவங்க தலையில தான் விடியும்.

ஆனா கோயம்பேட்டுல ஒரு நல்ல விஷயம், லாரி ராத்திரி வந்துரும், சில்லறை கடைக்காரங்க விடியறதுக்குள்ள வாங்கிட்டு போயிடுவாங்க. ஆவின் பால பாருங்க, லட்சக்கணக்கான லிட்டர் தினமும் நாம எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே தெரு தெருவா எறங்கிருது, அந்த வண்டியால டிராஃபிக்குன்னு யாராவது சொல்லி கேட்டிருக்கீங்களா? ரோடு சும்மா கெடக்குற நேரத்துல வேலை முடிஞ்சிருது.

அதனால நாங்க ஒன்னு பண்ணோம். நான், பக்கத்து ஜெராக்ஸ் கடை, ஸ்டேஷனரி கடை, பைண்டிங் பண்ற பாய், நாலு பேரும் ஆண்டர்சன் தெருவுல தான் சரக்கு எடுக்கிறோம், ஆனா தனித்தனி நாள், தனித்தனி வண்டி. இப்போ திங்கக்கிழமை சாயங்காலம் ஒரே வண்டியில எல்லாருக்கும் ஏத்தி வச்சுட்டு செவ்வாய் காலைல 6:30க்கு இங்க இறக்குறோம். வாடகைய நாலா பிரிச்சுக்குறோம். முக்கா மணி நேரத்துல வேலை முடியுது, வாசல்லயே எறங்குறதால லோடுமேன் அண்ணனுக்கு நடை மிச்சம். பிரச்சனை இல்லாம இல்ல, மொத வாரம் ஜெராக்ஸ் கடை தம்பி தூங்கிட்டாரு, அவர் சரக்கு என் கடைல தான் கெடந்துச்சு. மேல் வீட்டு பாட்டி காலைல டமால் டமால்னு சத்தம்னு சொன்னாங்க, அவங்க சொல்றதும் நியாயம், இப்போ கீழ பழைய கோணி விரிச்சு தான் பொட்டிய வைக்கிறோம்.

இத எங்க நாலு கடையோட நிறுத்தாம ஊர் முழுக்க பண்ணலாம். சென்னை வளர்ச்சிய திட்டமிடுற சிஎம்டிஏ இப்போ மூணாவது மாஸ்டர் பிளான், 2027லருந்து 2046 வரைக்கும், தயார் பண்ணிட்டு இருக்காங்க. கடைத்தெருன்னா தெருவுக்கு ஒரு இருபது அடி, காலைல 6லருந்து 10 வரைக்கும் சரக்கு வண்டிக்கு மட்டும்னு மஞ்சள் கோடு போட்டு வைக்கணும், பத்து மணிக்கு மேல பைக்கு நிக்கட்டும். பெரிய கடை கட்டுறப்பவே சரக்கு இறக்க உள்ள இடம் விடுறாங்களான்னு கண்டிப்பா பாக்கணும். டிரைவருங்களுக்கு ஒரு டாய்லெட், குடிக்க தண்ணி, அதையும் அதே பிளான்ல எழுதணும். ராத்திரி பூரா ஓட்டிட்டு வர்ற மனுஷன் முகம் கழுவ இடம் தேடி அலையுறது நம்ம எல்லாருக்கும் அவமானம்ங்க.

எங்க தெருவுக்கு அந்த இருபது அடி கேட்டு நாலு கடையும் கையெழுத்து போட்டு வார்டுல மனு குடுத்திருக்கோம். மேல் வீட்டு பாட்டியும் கையெழுத்து போட்டாங்க, ஆறு மணி வேணாம், 6:30னு எழுதுப்பான்னு சொன்னாங்க, அப்படியே மாத்தி எழுதி குடுத்தோம்.