2.73-இலிருந்து 3.73-க்கு: என் மஸ்டாங்கின் பின் அச்சு

மிச்சிகனில் நான் ஓட்டிவரும் 1989-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் எல்எக்ஸ் 5.0 காரின் வி8 எஞ்சின் 225 குதிரைத்திறன் கொண்டது. ஆனாலும் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அது சோம்பலாகவே எழுந்தது. சிலிண்டர் ஹெட், கேம்ஷாஃப்ட் என்று எஞ்சினில் பணத்தைக் கொட்டுவதற்கு முன் பின் அச்சைக் கவனிக்கத் தீர்மானித்தேன். எரிபொருள் சிக்கனத்துக்கு உகந்த 2.73 விகிதக் கிரவுன்-பினியன் (பினியன் என்ற சிறு பற்சக்கரம் 2.73 முறை சுழன்றால் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரம் ஒரு முறை சுழலும் இணை) அதில் இருந்தது, அதை 3.73 ஆக்கினால், எஞ்சினைத் தொடாமலேயே எல்லா கியர்களிலும் சக்கரத்துக்குச் சேரும் முறுக்குவிசை ஏறக்குறைய 37 சதவீதம் கூடும்.

கழற்றுவது கடினமாக இல்லை. மூடியைத் திறந்து பழைய எண்ணெயை வடித்து, அச்சுத் தண்டுகளைப் பிடித்திருக்கும் சி வடிவக் கிளிப்புகளை எடுத்துவிட்டு, இரு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலை வெளியே இழுக்க ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. பக்கவாட்டு ஷிம்களில் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய உலோக வளையங்கள்) எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று அப்போதே குறித்து வைத்தது பின்னர் பெரிதும் உதவியது.

உண்மையான வேலை பினியனின் ஆழத்தைச் சரிசெய்வதில்தான் இருக்கிறது. பினியன் பேரிங்கின் அடியில் வைக்கும் ஷிம்மின் தடிமன்தான் அந்த ஆழத்தைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு முறை ஷிம்மை மாற்றும்போதும் இறுகப் பொருந்திய பேரிங்கை அழுத்தி எடுத்தால் அது பாழாகிவிடும் என்பதால், பழைய பேரிங்கின் உட்துளையைச் சற்றே தேய்த்துப் பெரிதாக்கி, கையாலேயே மாட்டிக் கழற்றும்படி சோதனைக்கென்று வைத்துக்கொண்டேன். கிரவுனின் பற்களில் தடம் பதியும் மஞ்சள் நிறப் பசையைத் தடவிச் சுழற்றியபோது, பினியன் பட்ட தடம் பல்லின் அடிவேரை ஒட்டி மெல்லிய கோடாக விழுந்தது. பினியன் அதிகமாக உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். மெல்லிய ஷிம்களாக மாற்றி மாற்றி வைத்து, நான்காம் முறையில்தான் தடம் பல்லின் நடுவில் நீள்வட்டமாகப் படிந்தது. இரு சக்கரங்களின் பற்களுக்கு இடையிலான தளர்வு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 11 பங்கு என்று டயல் கேஜ் காட்டியது; 8 முதல் 15 வரை இருக்கலாம் என்பதால் அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

அதன் பிறகுதான் தவறு செய்தேன். பினியன் நட்டை இறுக்கும்போது இரு பேரிங்குகளுக்கும் இடையிலுள்ள நசுங்கும் குழாய் சிறிது சிறிதாகச் சுருங்கி, பேரிங்கின் முன்னழுத்தத்தை, அதாவது பேரிங் எவ்வளவு இறுக்கமாக அமர்கிறது என்பதை, நிர்ணயிக்கிறது. அவசரத்தில் கால் சுற்று கூடுதலாக இறுக்கிவிட்டேன். பினியனைக் கையால் திருப்பவே கனத்தது. நசுங்கிய குழாய் மீண்டும் நீளாது என்பதால் நட்டைத் தளர்த்திப் பயனில்லை. எல்லாவற்றையும் பிரித்துப் புதுக் குழாய் போட்டு, இம்முறை நூலளவு இறுக்குவதும் அழுத்தத்தை அளப்பதுமாக மெதுவாக முடித்தேன்.

வேகமானியை இயக்கும் சிறு பிளாஸ்டிக் கியரையும் கூடவே மாற்ற வேண்டும். இல்லையெனில் மணிக்கு 60 மைலில் போகும்போது முள் 82-ஐக் காட்டும். முதல் 500 மைல்களை மென்மையாக ஓட்டியபின் மூடியைத் திறந்தபோது எண்ணெயில் உலோகச் சில்லு ஏதும் இல்லை. பின்னாலிருந்து ஊளைச்சத்தமும் எழவில்லை. ஐந்தாவது கியரில் 65 மைல் வேகத்தில் முன்பு நிமிடத்துக்கு 1,600 சுற்று அளவில் சுழன்ற எஞ்சின் இப்போது 2,150-ஐ எட்டுகிறது. நெடும்பயணத்தில் பெட்ரோல் சற்றுக் கூடுதலாகவே செலவாகிறது. ஆனால் இரண்டாவது கியரில் மிதித்ததும் முதுகு இருக்கையில் அழுந்துகிறது. அதற்காகத்தான் இத்தனை பாடும் பட்டேன்.