மார்ச்சில் நட்டால் மரம் வருமா? மதுராந்தகம் பக்கம் ஒரு நாள்

கிளாம்பாக்கத்தில் காலை ஆறரைக்கு பஸ் ஏறினால் மதுராந்தகம் வரை ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை அங்கே இறங்கின பிறகுதான். கிராமத்துக்குப் போகிற டவுன் பஸ் ஒன்றரை மணி நேரமாகியும் வரவில்லை. ஏழு கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் கேட்டது 450 ரூபாய். பேரம் பேசி 300. சென்னையிலிருந்து வந்த பஸ் டிக்கெட்டைவிடப் பல மடங்கு! இரண்டு மூன்று பேராகப் போனால்தான் கட்டுப்படியாகும்.

பார்க்கப் போனது, ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் பணத்தில், அதாவது சமூகப் பொறுப்புக்காகச் செலவழிக்க வேண்டிய பணத்தில், போட்ட மரத்தோப்பு. முன்னால் பெரிய போர்டு, பின்னால் இரண்டு ஏக்கர். பத்தடிக்குப் பத்தடி, ஏக்கருக்கு 435 கன்று. பாதிக்கு மேல் கருகிவிட்டது. ஒரு புங்கங்கன்றைப் பிடித்து இழுத்தால் கையோடு வருகிறது. நர்சரி பாலித்தீன் பை கிழிக்கப்படாமல் அப்படியே இருக்க, உள்ளே வேர் சும்மாடு மாதிரிச் சுருண்டு கிடக்கிறது. குழியோ முக்கால் அடிகூட இல்லை. அந்தக் கெட்டி மண்ணில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி வெட்டி, மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பி, பையை பிளேடால் கிழித்து எடுத்துவிட்டு நட வேண்டும். ஆட்டுக்குப் பயந்து சுற்றிலும் முள் கட்ட வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை.

நட்டது எப்போது? பங்குனியில், மார்ச் மூன்றாவது வாரம். வயிறு எரிகிறது. 2013 கம்பெனிகள் சட்டம் 135-வது பிரிவுப்படி, அதன் வரம்புக்குள் வரும் கம்பெனி முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இந்த சிஎஸ்ஆருக்குச் செலவழிக்க வேண்டும். கணக்கு மார்ச் 31-ல் முடிகிறது. நமக்குப் பெருமழை ஐப்பசியில்தான். அவசரத்துக்கு நட்ட கன்று அக்னி நட்சத்திரத்தை எப்படித் தாங்கும்? இத்தனைக்கும் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கம்பெனியின் இயக்குநர் குழு மரம் நடுவதைத் ‘தொடரும் திட்டம்’ என்று முடிவெடுத்தால், ஆரம்பித்த நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டு கிடைக்கும். மீதிப் பணத்தை ஆண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும், அவ்வளவுதான். ஐப்பசியில் நட்டு இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற இது தாராளம்.

மத்தியானம் ஒரு வீட்டுத் திண்ணை மெஸ்ஸில் 90 ரூபாய்க்குச் சாப்பாடு. ஏரிக் கெண்டைக் குழம்பு, முதல் நாளே வைத்தது, மாங்காய் போட்டு. சென்னையில் இந்த ருசி எந்த விலைக்கும் கிடைக்காது.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் மகளிர் குழு நர்சரி. பைக்கு செம்மண் 2 பங்கு, மணல் 1, தொழு உரம் 1. வேப்பம்பழம் உதிர்கிற சமயம். சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிடுகிறார்கள். தாமதித்தால் முளைக்காது, இலுப்பையும் அப்படித்தான். வேர் தரையில் இறங்காமலிருக்க அவ்வப்போது பைகளை இடம் மாற்றுகிறார்கள்.

“கன்னு எத்தனைன்னு கேக்குறாங்க தம்பி, தண்ணி யாரு ஊத்துறதுன்னு கேக்க மாட்றாங்க” என்றார் ஓர் அக்கா.

கன்றுக்கு விலை கொடுத்தால் வருமானம் ஒரே நாளோடு சரி. தண்ணீர் ஊற்ற, களை எடுக்க, செத்ததற்கு மாற்று நட இவர்களுக்கே மாதச் சம்பளம் போட்டு, இரண்டாவது கோடை தாண்டி உயிரோடிருக்கும் கன்றை எண்ணி மிச்சத் தொகையைக் கொடுக்கலாம். அப்போது மரமும் நிற்கும், வீட்டில் அடுப்பும் எரியும்.

புங்கம், நாவல், நீர்மருது எல்லாம் ஐப்பசிக்கு இரண்டடி உயரம் வந்துவிடும். சிஎஸ்ஆர் பார்க்கிறவர்கள் ஆடிக்குள் ஆர்டர் சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். பை, உரத்துக்கு இப்போதே அவர்கள் வட்டிக்கு வாங்கித்தான் ஓட்டுகிறார்கள்.