வொல்வெண்டால் மேட்டில் ஒரு தமிழ்ப் போதகரைத் தேடி

கொழும்பில் 1759ஆம் ஆண்டு தமிழ்ப் புதிய ஏற்பாடு ஒன்று அச்சேறியது. கிரேக்கத்திலிருந்து அதைத் தமிழாக்கியவர் கடல் கடந்து வந்த மிஷனரி அல்ல. இதே கொழும்பில், கொழும்புச் செட்டிச் சமூகத்தில் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ. தரங்கம்பாடியில் சீகன்பால்க் அச்சிட்ட புதிய ஏற்பாட்டைப் பற்றி ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளே சொல்லுவார்கள். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு கழிவதற்குள் நம் ஊரில் நடந்த வேலையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சாமான் வாங்கப் புறக்கோட்டைக்குப் போகும்போதெல்லாம் அவர் படித்த தெருவைக் கடந்துதான் போகிறோம். அந்த மனிதருக்கு நன்றி சொல்லவென்றே ஒரு நாள் போய் வர வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா வந்து எங்கள் வீட்டில் நின்றபோது அது கூடிவந்தது. விஷயத்தைச் சொன்னதும், "எங்கட யாழ்ப்பாணத்திலயும் ஊழியம் செய்த மனிசன் எல்லே? என்னையும் கூட்டிக்கொண்டு போ தம்பி" என்றார். வெயில் ஏறுமுன் வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறிவிட்டோம்.

முதலில் போனது பிரின்ஸ் வீதிக்கு. தெரு முழுக்க மொத்தக் கடைகள், வண்டி தள்ளும் நாட்டாமிமார், வழிவிடச் சொல்லும் சத்தம். அதற்கு நடுவே பருத்த தூண்களோடு ஒல்லாந்தர் அருங்காட்சியகம் நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டுக் கட்டிடம். தோமஸ் வான் ரீ என்ற ஆளுநர் குடியிருந்த இடம். 1696 முதல் 1796 வரை உபதேசிமாரையும் போதகர்களையும் பயிற்றுவித்த செமினரி இங்கேதான் இயங்கியது. 1723 ஏப்ரல் 27இல் பிறந்த தெ மெல்லோ அந்தச் செமினரியின் மாணவர். ஒல்லாந்தம், போர்த்துக்கேயம், லத்தீன், கிரேக்கம், எபிரேயம் எல்லாம் கற்றார். தமிழையும் விடவில்லை. எதிர்ப்பக்கக் கடையோரம் நின்று பெரியம்மா கண்ணை மூடி ஜெபித்தார். கடைக்காரத் தம்பி ஒன்றும் கேட்காமல் உள்ளேயிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வைத்தார். அவருக்கும் சேர்த்து ஜெபித்ததாகப் பெரியம்மா பிறகு சொன்னார்.

அந்தக் காலத்துப் போதகரின் வேலை ஓரிடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலையாக இருக்கவில்லை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஆட்சியில் ஒவ்வொரு கோயிற்பற்றுக்கும் ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு உபாத்தியாயர். ஞானஸ்நானம், விவாகம் எல்லாவற்றையும் அந்த உபாத்தியாயர்தான் தோம்பு என்ற பதிவேட்டில் பதிவார். போதகர் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைச் சோதிப்பார், தோம்பைப் பார்ப்பார், பிரசங்கிப்பார், ஞானஸ்நானம் கொடுப்பார். ஒல்லாந்தப் போதகர்கள் பலருக்குத் தமிழ் வராது, துபாஷ் என்ற மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நிற்க வேண்டும். தெ மெல்லோவுக்கு அது தேவைப்படவில்லை. நம் சனத்தின் பேச்சில் நம் சனத்துக்கு நேரே பேசக்கூடிய ஒருவர் பிரசங்க பீடத்தில் ஏறியது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தத் தெருவில் நின்றபோது நினைத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் அவர் செய்த ஊழியத்துக்கு இந்த ஒன்றே பெரிய பலமாக இருந்திருக்கும்.

அச்சுக்கூடம் கம்பனியுடையது. 1730களில் கொழும்பில் அதை நிறுவினார்கள். காப்ரியேல் ஷாடே என்பவர் அச்செழுத்துகளை வார்த்தார். 1737இல், வான் இம்ஹோஃப் ஆளுநராக இருந்தபோது, சிங்கள ஜெபப் புத்தகம் ஒன்று வெளிவந்தது. பிறகு தமிழும் அச்சேறியது. கம்பனியின் கட்டளைப் பத்திரங்களும் கர்த்தரின் ஜெபமும் ஒரே அச்சுக்கூடத்தில்தான் அச்சாகின. ஏட்டில் எழுதிப் பிரதி எடுத்துப் பழகிய நாட்டில், ஒரு முழுப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுத்துக் கோத்து, பிழை பார்த்து, தாள் தாளாக அடித்து முடிப்பது சின்ன வேலையா? மத்தேயு தொடங்கி வெளிப்படுத்தல் வரை ஒவ்வொரு சொல்லுக்கும் கிரேக்கத்தைப் பார்த்துத் தமிழைத் தேடிய உழைப்பு அதற்கும் முந்தியது.

மெயின் வீதி வழியாக நடந்து பழைய நகர மண்டபத்தைத் தாண்டினோம். அங்கே கெய்மன்ஸ் வாசல் மணிக்கூண்டு. மேட்டிலுள்ள வொல்வெண்டால் ஆலயத்தின் ஆராதனைக்குச் சனத்தை அழைத்த மணி இது. கோட்டே என்ற ஊரில் இருந்த போர்த்துக்கேயக் கோயில் ஒன்றின் மணியைக் கொண்டுவந்து ஒல்லாந்தர் இங்கே தொங்கவிட்டதாகச் சொல்வார்கள். அதைக் கடந்தால் செட்டியார் தெரு, நகைக்கடைகள், கதிரேசன் கோயில்கள். காலைப் பூசையின் மணிச்சத்தம் தெருவரை கேட்டது. அப்புறம் ஏற்றம். "மெல்ல நடப்பம்" என்று பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வொல்வெண்டால் ஆலயத்துக்கு 1749இல் அடிக்கல் வைத்து 1757இல் திறந்தார்கள். சிலுவை வடிவக் கட்டிடம், ஐந்தடிக்குக் கிட்டத்தட்ட வரும் தடித்த சுவர்கள். உள்ளே போனதும் புறக்கோட்டைச் சத்தம் அறுந்துபோகிறது. தரையெல்லாம் எழுத்துச் செதுக்கிய கல்லறைக் கற்கள். கோட்டைக்குள் இருந்த பழைய ஒல்லாந்தக் கோயிலிலிருந்து ஆளுநர்களின் எச்சங்களை 1813இல் இங்கே மாற்றினார்கள். கருமரத்தில் சித்திர வேலை செய்த நாற்காலிகள் இன்றும் வரிசையாக இருக்கின்றன. இன்று இது இலங்கைக் கிறிஸ்தவ சீர்திருத்தச் சபையின் ஆலயம், தமிழிலும் ஆராதனை நடக்கிறது.

இந்தச் சுவர்கள் எழும்பிய அதே ஆண்டுகளில்தான் புதிய ஏற்பாட்டு வேலையும் நடந்திருக்க வேண்டும். ஆலயம் திறந்தபோது தெ மெல்லோவுக்கு முப்பத்து மூன்று வயது. இரண்டு வருடத்தில் புத்தகம் வந்தது. நான் யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைத் தமிழில் வாய்விட்டு வாசித்தேன். தடித்த சுவரில் பட்டு என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. பெரியம்மா 121ஆம் சங்கீதத்தைப் பாராமல் சொன்னார். நன்றி சொல்ல வந்தவர்கள், சொன்னோம். அந்த அரை மணி நேரத்தில் எனக்குக் கிடைத்த நிறைவை எழுத்தில் வைக்க முடியவில்லை.

அவருடைய நூல்களில் ஒன்று மட்டும் எனக்குச் சங்கடம் தருவது. சத்தியத்தின் செயம் என்ற பெயரில் 1753இல் வந்த அந்த நூல் கத்தோலிக்கத்துக்கு எதிரான வாதம். அது கம்பனி கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலம். உத்தியோகத்துக்காகவும் பதிவுக்காகவும் பெயரளவில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஏராளம். அரசாங்கத்தின் கை பின்னால் இருக்கும்போது செய்யும் வாதம் சமமான வாதம் ஆகாது என்பது என் எண்ணம். பெரியப்பா கத்தோலிக்கர். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அது அந்தக் காலத்துச் சண்டை. நீ அவர் தந்த வேதத்தைப் பார்" என்றார். பிறகு அவரே ஓட்டோவை நிறுத்திக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு விடச் சொன்னார். 2019 உயிர்த்த ஞாயிறன்று அங்கே இறந்தவர்களுக்காக இருவரும் முழந்தாளிட்டோம். எங்கள் பக்கத்தில் பொட்டு வைத்த ஒரு அம்மா மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார்.

தெ மெல்லோவைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கூடுதல் சந்தோஷம் தருவது அவருடைய தமிழ்ப் புலமை. சமணரான மண்டல புருடர் செய்த சூடாமணி நிகண்டு என்ற செய்யுள் அகராதியில் தாமே புதிய செய்யுள்களைச் சேர்த்து அதை விரித்தவர் இவர். மருதப்பக் குறவஞ்சியும் பாடினார். பிரசங்கியாரின் மேசையில் கிரேக்க வேதமும் நிகண்டும் ஒன்றாக இருந்திருக்கின்றன! 1859இல் சைமன் காசிச்செட்டி ஆங்கிலத்தில் எழுதிய தமிழ்ப் புலவர் சரித நூலில் இவரையும் புலவர் வரிசையில் வைத்தார். அந்த வரிசையில் வைத்ததுதான் சரி. மொழியின் ஆழம் தெரியாமல் வேதத்தை மொழிபெயர்த்திருந்தால் சனம் அதைக் காதில் வாங்கியிருக்காது.

திரும்பும் பஸ்ஸில் பெரியம்மா யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் கோயிலைப் பற்றிப் பேசினார். 1706இல் கட்டியது, அதுவும் சிலுவை வடிவம். சின்ன வயதில் தகப்பனோடு உள்ளே போய்ப் பார்த்திருக்கிறாராம். போரில் அது இடிந்துபோயிற்று. தெ மெல்லோ 1790 ஆகஸ்ட் 10இல் காலமாகும்வரை ஊழியம் செய்த யாழ்ப்பாணத்தில் அவரை நினைக்க அந்தக் கற்குவியலாவது இருக்கிறதே என்றேன். "கல் கிடக்கட்டும், அங்க நிண்டும் யோவானை வாசிப்பம்" என்றார்.

எங்கள் சபைப் போதகரிடம் பேசியிருக்கிறேன். அடுத்த ஏப்ரல் 27ஐ ஒட்டிவரும் சனிக்கிழமை வாலிபர் சங்கப் பிள்ளைகளைப் பிரின்ஸ் வீதியிலிருந்து வொல்வெண்டால் வரை நடத்திக்கொண்டு போக அவர் சம்மதித்துவிட்டார். மேட்டில் ஏறியதும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பகுதியாக யோவான் முதல் அதிகாரத்தை வாசிக்க வேண்டும். யாழ்ப்பாணக் கோட்டைக்கு ஆவணியில் போகிறோம், பெரியம்மா நாள் பார்த்துவிட்டார்.