‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?’: பல் மருத்துவக் கல்லூரி இன்டர்வியூவின் கடைசி ஐந்து நிமிடம்

அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரி இன்டர்வியூக்களில் கடைசி ஐந்து நிமிடம் பெரும்பாலும் நம்முடையது. "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று சொல்லிவிட்டு எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைப்பார். முதல் இன்டர்வியூவில் அந்த இடத்தில் நான், "இல்லை, எல்லாம் தெளிவாக இருக்கிறது, நன்றி" என்று சொல்லி எழுந்து வந்தேன். அதுதான் மரியாதை என்று நினைத்தேன். இந்தியாவில் நாம் படிக்கும் பிடிஎஸ் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்), வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னலிடம் திரும்பக் கேள்வி கேட்டா நமக்குப் பழக்கம்? அந்தக் கல்லூரியில் சீட் கிடைக்கவில்லை. அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் கல்லூரி சீனியர் அக்கா ஒருவர் இங்கே படித்து முடித்தவர். நடந்ததைக் கேட்டதும் அவர் முதலில் சொன்னது, "கேள்வியே இல்லை என்றால், இங்கே வர உனக்கு அக்கறை இல்லை என்றுதானே எடுத்துக்கொள்வார்கள்?"

நான் விண்ணப்பித்தது அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் வழியில். வெளிநாட்டில் பல் மருத்துவம் முடித்தவர்களைப் படிப்பின் இடையில் சேர்த்துக்கொள்ளும் வழி அது. ஐஎன்பிடிஇ என்ற பல் மருத்துவத் தகுதித் தேர்வு, டோஃபல் ஆங்கிலத் தேர்வு, கேபிட் என்ற பொது விண்ணப்பம் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஐஎன்பிடிஇ-யில் ஒன்றரை நாள் உட்கார்ந்து 500 கேள்விக்குப் பதில் எழுதினாலும், பாஸ் செய்தவருக்கு மதிப்பெண் என்று எதுவும் வராது. பாஸ், அவ்வளவுதான். அதனால் இன்டர்வியூவுக்கு வந்து நிற்கும் எல்லோரும் அந்த விஷயத்தில் ஒன்றுதான். செயற்கைப் பல்லில் கை வேலையைச் செய்து காட்டும் பென்ச் டெஸ்டும் நேரில் பேசும் பேச்சும்தான் ஆளை ஆள் பிரித்துக் காட்டும்.

உண்மையில் முதல் கல்லூரியில் நான் கேள்வி கேட்கத் தவறியது இன்டர்வியூ அறையில் மட்டும் இல்லை, அதற்கு இரண்டு வாரம் முன்பே. பென்ச் டெஸ்டில் எந்த ஹேண்ட்பீஸ் (பல்லை வெட்டும் கருவி) தருவார்கள் என்று ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு மெயில் போட்டுக் கேட்டிருக்கலாம். நான் ஐந்து வருடம் காற்றால் சுழலும் ஏரோட்டரில் பழகியவள். அழுத்தினால் ஏரோட்டர் திணறி வேகம் குறையும், கைக்கு ஒரு எச்சரிக்கை வரும். அங்கே கொடுத்தது எலெக்ட்ரிக். கனமும் கூடுதல், அழுத்தினாலும் திணறாது, வெட்டிக்கொண்டே போகும். க்ரௌன் ப்ரெப்பில், அதாவது உறை மாட்டப் பல்லைச் செதுக்கும்போது, டிஸ்டல் (பின்) பக்கம் கொஞ்சம் அழுத்தினேன், பக்கத்துப் பல்லில் நகத்தால் கீறியது போல ஒரு கோடு விழுந்துவிட்டது. டைப்போடான்ட் என்ற பயிற்சி மாதிரியின் பல்தான், ஆனால் அந்தக் கோடு அன்று முழுவதும் என் கண்ணிலேயே நின்றது. அந்த மனநிலையோடு இன்டர்வியூவுக்குள் போனவளுக்கு வாயில் கேள்வி எங்கே வரும்?

ஆகவே இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு மெயில் வந்த அன்றே இவற்றைக் கேட்டுவிடுங்கள்: ஹேண்ட்பீஸ் எலெக்ட்ரிக்கா, ஏர் டர்பைனா? பர் (ஹேண்ட்பீஸில் மாட்டும் வெட்டுமுனை) நாம் கொண்டுவரலாமா? லூப்ஸ் (உருப்பெருக்கிக் கண்ணாடி) அனுமதி உண்டா? பல்லின் எண்ணை எந்த முறையில் சொல்வார்கள்? கடைசிக் கேள்வியைச் சின்னது என்று விடாதீர்கள். இங்கே 14 என்றால் மேல் இடது முதல் மோலார். நாம் படித்த முறையில் 14 என்றால் மேல் வலது முதல் ப்ரீமோலார். பதற்றத்தில் பழைய எண் தலைக்குள் வந்துவிட்டால் அந்த டெஸ்ட் அங்கேயே முடிந்தது.

இரண்டாவது இன்டர்வியூவுக்குக் கேள்வியோடுதான் போனேன். ஆனால் அது தவறான கேள்வி. "இங்கே டிடிஎஸ் இல்லாமல் டிஎம்டி தருகிறீர்களே, பயிற்சியில் ஏதாவது வித்தியாசம் உண்டா?" என்று கேட்டேன். எதிரே இருந்த பேராசிரியர் பொறுமையாகத்தான் சொன்னார்: இரண்டும் ஒரே பட்டம், ஹார்வர்டு 1867-இல் தொடங்கியபோது லத்தீனில் வைத்த பெயர்தான் டிஎம்டி, லைசென்ஸுக்கு இரண்டும் சமம். பத்து வினாடியில் பதில் முடிந்துவிட்டது. அதன் பிறகு எங்களுக்குள் பேச எதுவுமே இல்லை. இணையத்தில் இரண்டு நிமிடம் தேடினால் கிடைப்பதைக் கேட்டால், நான் தேடவில்லை என்பதை நானே சொன்னதாக ஆகிவிடும். வகுப்பில் எத்தனை பேர், படிப்பு எத்தனை மாதம், கட்டணம் எவ்வளவு, எல்லாம் இதே வகைதான்.

மூன்றாவது இடத்தில் நடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அங்கே மதியம் ஒரு மணி நேரம், தற்போது படிக்கும் மாணவர்களோடு சாப்பாடு. ஆசிரியர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். கேட்க வேண்டிய உண்மையான கேள்விகளை எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்கென்றே எழுதி வைத்திருந்தேன். சாப்பிடப் போகும் நேரத்தில் அட்மிஷன் ஆபீஸிலிருந்து கூப்பிட்டு, என்னுடைய இந்திய மார்க்குகளை அமெரிக்க முறையில் மதிப்பிட்டுத் தரும் ஈசிஇ நிறுவனத்தின் அறிக்கை வரவில்லை என்றார்கள். அனுப்பியதற்கான மெயிலைக் காட்டினேன். கவுன்டரில் இருந்தவர் திரையைப் பார்த்தபடியே, "எங்களிடம் இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் பெயரை ஒருமுறை மாற்றிப் போட்டுத் தேடுங்கள் என்று மூன்று முறை கேட்டேன். நான்காவது முறைதான் தேடினார். இருந்தது. யூனிவர்சிட்டி மார்க் ஷீட்டில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப்பெயர் இடத்தில். அறிக்கை ஒரு பெயரிலும் விண்ணப்பம் இன்னொரு பெயரிலுமாகக் கிடந்தன. இரண்டையும் சேர்த்துவிட்டு, "சரி, நீங்கள் போகலாம்" என்றார். அதற்குள் ஐம்பது நிமிடம் போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மாணவர்கள் கிளினிக்குக்குக் கிளம்பிவிட்டார்கள், யாரோ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இனிஷியல் உள்ள நம் ஆட்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு அஃபிடவிட் எடுத்து விண்ணப்பத்தோடு சேர்த்துவிடுங்கள். இன்டர்வியூவுக்கு ஒரு வாரம் முன்பு, "இந்த இரண்டு பெயரிலும் தேடிப் பார்த்து, எல்லாக் காகிதமும் வந்துவிட்டதா என்று சொல்ல முடியுமா?" என்று மெயிலில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மதியம் என்னை இன்டர்வியூ எடுத்தவர் ஓரல் பாத்தாலஜி (வாய் நோயியல்) பேராசிரியர். மாணவர்களிடம் கேட்க வைத்திருந்ததை அவரிடம் கேட்டேன்: பேஷன்ட்டை மாணவருக்கு யார் ஒதுக்குகிறார்கள், சிகிச்சை செய்யச் சேர் கிடைக்க எத்தனை நாள் ஆகும்? "அது கிளினிக் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்" என்றார், கொஞ்சம் சங்கடத்தோடு. நல்ல கேள்விதான், ஆனால் ஆள் மாறிவிட்டது. அவரிடம் பயாப்ஸி ஸ்லைடுகளை மாணவர்கள் எவ்வளவு தூரம் பார்க்கிறார்கள், அவருடைய ஆராய்ச்சியில் எங்களைப் போன்றவர்கள் சேர முடியுமா என்று கேட்டிருந்தால் மனம் விட்டுப் பேசியிருப்பார்.

நான்காவது இன்டர்வியூவுக்கு ஒரே ஒரு விதியோடு போனேன்: எதிரே இருப்பவருக்கு மட்டும் தெரிந்ததை அவரிடம் கேட்பது. யார் யார் இன்டர்வியூ எடுப்பார்கள் என்று முன்கூட்டியே பெயர் கேட்டேன், கொடுத்தார்கள். எல்லா இடத்திலும் கொடுக்க மாட்டார்கள், கேட்டால் தப்பில்லை.

க்ரௌன், பிரிட்ஜ் சொல்லித்தரும் ஃபிக்ஸ்டு ப்ராஸ் ஆசிரியரிடம், "ஒரு க்ரௌன் ப்ரெப்பை மதிப்பிடக் கையில் எடுத்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு டைப்போடான்ட் பல்லை எடுத்தார். எக்ஸ்ப்ளோரர் என்ற கூர்மையான கருவியின் முனையை மார்ஜின் (செதுக்கிய இடத்தின் விளிம்பு) மேல் வைத்து மெதுவாகச் சுற்றி வந்தார். ஒரு இடத்தில் முனை தட்டி நின்றது. என் கையில் கொடுத்து, "கண்ணால் பார்த்தால் தெரியாது, இங்கே தொட்டுப் பாருங்கள்" என்றார். தொட்டேன், மயிரிழை அளவு ஒரு படி. அதை வைத்தே பத்து நிமிடம் பேசினோம். எலெக்ட்ரிக் ஹேண்ட்பீஸில் நான் செய்த தவறையும் அவரிடம் சொல்லிவிட்டேன், கை நழுவாமல் இருக்க விரலை எந்தப் பல்லில் ஊன்ற வேண்டும் என்று காட்டினார். வெளியே வந்தபோது பரீட்சை எழுதிய மாதிரியே இல்லை.

ப்ரோக்ராம் டைரக்டரிடம் கேட்டது இரண்டு. "முதல் செமஸ்டரில் திணறிய வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கு எது குறைவாக இருந்தது?" கை வேலை இல்லை, ட்ரீட்மென்ட் ப்ளானை எழுதி நியாயப்படுத்துவதுதான் என்றார். இரண்டாவது, "மாணவர்கள் சொன்னதைக் கேட்டு சமீபத்தில் எதை மாற்றினீர்கள்?" இந்தக் கேள்விக்கு உடனே பதில் வருகிறதா, யோசித்து மழுப்புகிறார்களா என்று கவனியுங்கள். அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

மாணவர்களிடம் பொதுவாக "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் வரும். எண்ணிச் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். போன வாரம் எத்தனை பேஷன்ட் வராமல் போனார்கள்? அப்போது அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள்? ரிக்வயர்மென்ட் (செய்து முடிக்க வேண்டிய சிகிச்சைகள்) முடியாமல் படிப்பு நீண்டவர்கள் உங்கள் வகுப்பில் உண்டா? கருவிப் பெட்டி, லூப்ஸ் தவிர கட்டணப் பட்டியலில் இல்லாத செலவு எது வந்தது? டிடிஎஸ் மூன்றாம் வருட வகுப்போடு சேர்ந்து போகிறீர்களா, தனியாகவா? நான்காவது இடத்தில் இரண்டு பேர் இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னார்கள்.

எந்த மாநிலத்தில் தொழில் செய்யப் போகிறோம் என்று தெரிந்தால் அதையும் கேட்கலாம். ஏடெக்ஸ் என்ற லைசென்ஸ் தேர்வைப் பல மாநிலங்கள் ஏற்கின்றன, அது கல்லூரியிலேயே நடக்கிறதா என்பது முக்கியம். நியூயார்க் என்றால் 2007 முதல் ஓராண்டு ரெசிடென்சி இல்லாமல் லைசென்ஸ் கிடையாது. அங்கே போக நினைப்பவர்கள், போன வகுப்பில் எத்தனை பேருக்கு ஜிபிஆர், ஏஇஜிடி என்ற ரெசிடென்சி இடம் கிடைத்தது என்று கேளுங்கள்.

"என் பென்ச் எப்படி இருந்தது?", "எனக்கு வாய்ப்பு உண்டா?" இரண்டையும் கேட்கவே வேண்டாம். அவர்களால் பதில் சொல்ல முடியாது. விசா, டெபாசிட் பற்றியெல்லாம் ஆபீஸுக்கு மெயில் போதும். அறை அறையாகப் போய்ச் சின்னச் சின்ன இன்டர்வியூ கொடுக்கும் எம்எம்ஐ முறையாக இருந்தால் ஒவ்வொரு அறையிலும் கேட்க நேரமிருக்காது, முடிவில் எல்லோரையும் சேர்த்து உட்காரவைக்கும்போது கேட்கலாம்.

மூன்றாவது, நான்காவது இரண்டிலிருந்தும் சீட் வந்தது. மூன்றாவது கல்லூரி டெபாசிட் கட்டக் கொடுத்த நாட்கள் கொஞ்சம்தான், கட்டினால் திரும்ப வராது. பேஷன்ட் ஒதுக்கீடு பற்றி ஆபீஸுக்கு இரண்டு மெயில் போட்டேன், பதிலே இல்லை. கடைசியில் சீனியர் அக்கா வழியாக அங்கே படிக்கும் ஒருவரைப் பிடித்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு அவர் சொன்னார்: பாதிக்கு மேல் பேஷன்ட்டை மாணவர்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும், ஊருக்குப் புதியவர்களுக்கு அது ரொம்பக் கஷ்டம். நான்காவது கல்லூரியில் ஒருங்கிணைப்பாளர் ஒதுக்குகிறார், ஒரு பேஷன்ட் விட்டுப்போனால் வேறொருவரையும் அவரே தருகிறார். இன்டர்வியூ முடிந்த அன்று இரவே இந்தப் பதிலைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நோட்டை எடுத்து ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, காலையில் நான்காவது கல்லூரிக்கு டெபாசிட் கட்டினேன்.