குழாயைப் பார்த்துவிட்டு நோய் என்கிறது

மார்பு எக்ஸ்ரேயில் நியூமோதோராக்ஸைக் கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்குவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்து அதை அமுக்கிவிடும் நிலை அது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்ட 1,12,120 படங்களை வைத்துத்தான் ஆரம்பித்தேன், ஸ்கோரும் நன்றாகவே வந்தது. அப்புறம், மாடல், அதாவது நான் பழக்கிய நிரல், எங்கே பார்க்கிறது என்று ஹீட்மேப் (அது கவனிக்கும் இடத்தைச் சிவப்பாகக் காட்டும் படம்) போட்டுப் பார்த்தால், சிவப்பு முழுக்க விலா எலும்புகளுக்கு நடுவே போகும் வெள்ளைக் குழாயின் மேல்! காற்றை வெளியேற்ற டாக்டர் ஏற்கெனவே செருகிய குழாய். சிகிச்சை தொடங்கியவரைக் கண்டுபிடித்து என்ன பயன், மூச்சுத் திணறலோடு இப்போதுதான் வந்து உட்கார்ந்திருப்பவரை அல்லவா பிடிக்க வேண்டும்? அதனால் குழாய் உள்ள படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். நுரையீரல் விளிம்பில் மயிரிழை போல ஒரு கோடு ஓடும், அதுதான் இந்த நோயின் அடையாளம்; மாடல் அதைப் பார்க்கும்வரை விடப்போவதில்லை.